எக்ஸ்ரே பிலிமும் சயனைடும்: எல்க் குரோவ் வில்லேஜ் மரணம், 1983

1983 பிப்ரவரி 10. அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய எல்க் குரோவ் வில்லேஜ் என்ற ஊர். பழைய எக்ஸ்ரே பிலிம்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கும் தொழிற்சாலை ஒன்று அங்கே இருந்தது. ஃபிலிம் ரெகவரி சிஸ்டம்ஸ் என்று பெயர். தொட்டிகளின் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, முடியாமல் சாப்பாட்டு அறைக்கு நடந்து வந்தார். வந்தவருக்கு உடம்பு உதறியது. வாயில் நுரை தள்ளியது. நினைவு தப்பியது. கூட வேலை செய்தவர்கள் அவரை வெளிக்காற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தும் பலனில்லை.

அவருக்கு வயது அறுபதை ஒட்டி. போலந்திலிருந்து பிழைக்க வந்தவர். ஆங்கிலம் பேசவும் தெரியாது, படிக்கவும் தெரியாது.

சயனைடு என்றதும் தமிழில் நமக்குக் குப்பி நினைவுக்கு வரும், தற்கொலைச் செய்திகள் நினைவுக்கு வரும். தெரிந்தே எடுத்துக்கொள்ளும் விஷமாகத்தான் அது நம் மனதில் பதிந்திருக்கிறது. இந்த மனிதர் எதையும் விழுங்கவில்லை. சம்பளத்துக்கு வேலைக்குப் போனார், வேலை செய்த இடத்தில் மூச்சு விட்டார், அவ்வளவுதான். சயனைடு நச்சைப் பற்றி யாருக்காவது பாடம் எடுக்க வேண்டியிருந்தால் நான் முதலில் எடுப்பது இந்த நிகழ்வைத்தான். மருத்துவம், வேதியியல், சட்டம் மூன்றும் இதில் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. அதோடு, இந்த மரணத்துக்கு முன்னால் அந்தத் தொழிலாளர்களின் உடம்புகள் எத்தனை முறை எச்சரித்தன என்பதும் பதிவாகியிருக்கிறது.

பிலிமிலிருந்து வெள்ளி

அந்தக் கால எக்ஸ்ரே பிலிமில் கறுப்பாகத் தெரிவது மெல்லிய வெள்ளித் துகள்கள். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியது. அதற்கப்புறம் சரிந்தாலும், மருத்துவமனைகள் கழித்துப் போடும் பிலிம் குப்பை இல்லை, காசு என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முறை எளிமையானது. பிலிமைச் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். சோடியம் சயனைடு கலந்த தண்ணீர்த் தொட்டிகளில் ஊறப் போடுவார்கள். வெள்ளி கரைந்து திரவத்துக்குள் இறங்கிவிடும். அந்தத் திரவத்தில் உலோகத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால் வெள்ளி தகட்டில் வந்து படியும். அதைச் சுரண்டி எடுத்தால் சரக்கு தயார். வெள்ளி போன பிலிம் சக்கையைத் தொட்டியிலிருந்து அள்ளி வெளியேற்றுவதுதான் இதில் ஆள்பலம் கேட்கும் வேலை. சயனைடு ஊறிய, சொட்டச் சொட்ட நனைந்த சக்கை அது.

கோலார் தங்கவயலில் வளர்ந்த தமிழர்களுக்கு இந்த வேதியியல் அந்நியமில்லை. பாறைப் பொடியிலிருந்து தங்கத்தைக் கரைத்து எடுத்ததும் இதே சயனைடுதான். ஊருக்குள் குன்றாக நிற்கும் சயனைடு மேடுகள் அந்த வேலையின் மிச்சம்.

சோடியம் சயனைடு பார்க்க வெள்ளை உப்பு மாதிரி இருக்கும். தண்ணீரில் கரைத்து, காரத்தன்மை நன்றாக ஏறிய நிலையில், பிஎச் (அமில-கார அளவு) 11-க்குக் குறையாமல் வைத்திருந்தால் பெரும்பாலும் திரவத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். காரம் குறையக் குறைய அது ஹைட்ரஜன் சயனைடாக மாறி மேலே கிளம்பத் தொடங்கும். ஆசிட் பட்டால் ஒரேயடியாகக் கிளம்பும். காற்றில் இருக்கும் கரியமில வாயுவே மெல்ல மெல்ல இந்த வேலையைச் செய்யும். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் அது திரவமாக நிற்கவே நிற்காது. திறந்த தொட்டிகள் வரிசையாக இருக்கும் ஒரு கூடத்தில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடு சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு வல்லுநர் வேண்டாம்.

அந்தக் கூடத்தில் மஞ்சள் புகைமூட்டம் நின்றது, கண் எரிந்தது, தலை வலித்தது, வாந்தி வந்தது என்று தொழிலாளர்கள் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். வாந்தி வந்தால் வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுத் திரும்ப வந்து வேலையைத் தொடர்வது அவர்களுக்கு அன்றாடமாகிப்போனது. பாதுகாப்பு என்று கொடுத்ததெல்லாம் துணிக் கையுறையும் காகித முகமூடியும். காகித முகமூடி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. துணிக் கையுறை இன்னும் மோசம். சயனைடுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு தோலோடு ஒட்டி வைத்திருக்கும், தோல் வழியாகவும் சயனைடு உடம்புக்குள் போகும். கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியம்தான் அங்கே ஆபத்தே.

உடம்புக்குள் நடப்பது

பிரேதப் பரிசோதனையை நடத்தியவர் சிகாகோ அடங்கிய குக் கவுன்டியின் தலைமை மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ஸ்டைன். கத்தி வைத்ததுமே உடலிலிருந்து கசப்புப் பாதாம் வாசனை எழுந்தது. நாம் கடையில் வாங்கும் பாதாமில் அந்த வாசனை இருக்காது, கசப்பு வகைக்கு மட்டுமே உரியது. அந்த வாசனையை உணரும் திறன் பிறவியிலேயே இல்லாதவர்கள் கணிசமாக உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "வாசனை வரவில்லை, அதனால் வாயு இல்லை" என்ற நினைப்பு உயிரைப் பறிக்கும்.

ரத்தத்தில் மில்லி லிட்டருக்கு 3.45 மைக்ரோகிராம் சயனைடு இருந்தது. 1 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கடும் நச்சு என்று கொள்வார்கள், 3-ஐத் தாண்டினால் பெரும்பாலும் மரணம்.

சயனைடு ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைப்பதில்லை. நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து போய் ஒவ்வொரு செல்லின் வாசலிலும் நிற்கிறது. உள்ளே வாங்கிப் பயன்படுத்த ஆள் இல்லை. செல்லுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியின் இரும்பை சயனைடு பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது. செல் வேறு வழியில்லாமல் ஆக்சிஜன் இல்லாத பாதையில் இறங்க, லாக்டிக் அமிலம் குவிகிறது. செலவாகாத ஆக்சிஜனோடு திரும்பும் ரத்தம் சிரையிலும் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். மூச்சுத் திணறுகிறவர் நீலம் பாரிக்காமல் சிவந்து இருப்பது அதனால்தான், எல்லோருக்கும் அப்படி இருக்காது என்றாலும்.

முதலில் அடிபடுவது அதிக ஆக்சிஜன் கேட்கும் உறுப்புகள்: மூளை, இதயம். தலைவலி, தலைசுற்றல், வேகமான மூச்சு, படபடப்பு, குழப்பம். அளவு கூடினால் வலிப்பு, மயக்கம், மூச்சும் இதயமும் நிற்பது. காற்றில் 270 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக் காற்றில் 270 பங்கு, இருந்தால் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ கதை முடிந்துவிடும். 100-ஐ ஒட்டிய அளவில் அரைமணி, ஒரு மணி நேரம் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அமெரிக்கத் தொழிலகச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் சராசரி 10 பிபிஎம். 4.7-ஐத் தாண்டவே கூடாது என்பது அங்கத்திய தொழில் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை.

சின்ன அளவைச் சமாளிக்க உடம்புக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வார்கள் இல்லையா, அந்தத் தண்ணீரில் இருப்பதும் சயனைடு தரும் பொருள்தான். கல்லீரலில் இருக்கும் ரோடனீஸ் என்ற நொதி, கந்தகத்தைச் சேர்த்து சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஆனால் உடம்பில் இருக்கும் கந்தகச் சேமிப்பு கொஞ்சம்தான். வெள்ளி ஆலைக் கூடத்தில் நாள்தோறும் மூச்சுக்கு மூச்சு வரும் சயனைடுக்கு அது ஈடுகொடுக்காது.

இன்றைக்கு ஒருவர் இப்படி வந்தால்

வெளியே இழுத்துக்கொண்டு போனது சரியான முதல் வேலை. ஆனால் இழுக்கப் போகிறவர் மூச்சுக்கு என்ன செய்கிறார் என்பது அதற்கும் முந்தைய கேள்வி. வாயு நிறைந்த இடத்துக்குள் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடிப் போனவர்கள் அடுத்த நோயாளிகளாகியிருக்கிறார்கள். தனிக் காற்றுச் சிலிண்டரோடு கூடிய முகக்கவசம் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. நனைந்த துணியைக் கழற்ற வேண்டும், தோலைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது, கைப்பம்பு முகமூடியால்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். கிடைத்த நிமிடத்திலிருந்து 100 சதவீத ஆக்சிஜன். செல்லால் பயன்படுத்த முடியாத ஆக்சிஜனை எதற்குக் கொடுப்பது என்று மாணவர்கள் கேட்பார்கள். கொடுத்தால் பலன் இருக்கிறது, மாற்று மருந்துகளின், அதாவது விஷமுறிவு மருந்துகளின், வேலையும் அதோடு சேரும்போது எளிதாகிறது.

ரத்தத்தில் சயனைடு அளவு பார்த்து முடிவு வருவதற்குள் நோயாளி இருக்க மாட்டார். அதனால் கதையைக் கேட்டுத்தான் சிகிச்சை. எங்கே வேலை, என்ன தொட்டி, திடீரென்று விழுந்தாரா? ரத்த வாயுப் பரிசோதனையில் கடும் அமிலத்தன்மை, லாக்டேட் லிட்டருக்கு 8 மில்லிமோலுக்கு மேல் என்றால் சந்தேகம் உறுதியாகிறது. காத்திருக்க வேண்டியதில்லை.

மாற்று மருந்தில் பழைய வழி ஒன்று, புதிய வழி ஒன்று. பழைய வழி 1930-களிலிருந்து இருக்கிறது. ஏமைல் நைட்ரைட் உள்ள சிறு கண்ணாடிக் குழலைத் துணிக்குள் வைத்து நசுக்கி மூக்கருகே பிடிப்பார்கள், ஊசி போடும் வரை தாக்குப்பிடிக்க. அப்புறம் சோடியம் நைட்ரைட் 300 மில்லிகிராம் மெதுவாகச் சிரை வழியே, அதைத் தொடர்ந்து சோடியம் தயோசல்ஃபேட் 12.5 கிராம். இது பெரியவர்களுக்கான அளவு. நைட்ரைட் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை மெத்ஹீமோகுளோபினாக மாற்றுகிறது, அது சயனைடைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. தயோசல்ஃபேட், ரோடனீஸுக்குத் தேவையான கந்தகத்தைத் தருகிறது. சிக்கல் என்னவென்றால் மெத்ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது, ரத்த அழுத்தமும் விழும். தீ விபத்தில் புகையை இழுத்து, கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஏறிய ஒருவருக்கு நைட்ரைட் கொடுத்தால் இருப்பதையும் கெடுத்துவிடுவோம்.

புதிய வழி ஹைட்ராக்சோகோபாலமின். வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம்தான். 5 கிராம், 15 நிமிடத்தில் சிரை வழியே. அதன் நடுவில் இருக்கும் கோபால்ட், சயனைடைப் பிடித்துக்கொண்டு சயனோகோபாலமினாக மாறிச் சிறுநீரில் போகிறது. நாம் பி12 மாத்திரை என்று விழுங்கும் அதே பொருள். கொல்ல வந்த விஷம் வைட்டமினாக வெளியேறுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். நோயாளியின் தோலும் சிறுநீரும் நாட்கணக்கில் சிவந்துபோகும், நிறத்தை வைத்து அளக்கும் சில ரத்தப் பரிசோதனைகள் தப்பாக வரும். இதை உறவினர்களிடமும் ஆய்வகத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2006-இல்தான். நம் ஊரில் நினைத்த மருத்துவமனையில் நினைத்த நேரத்தில் கிடைக்கும் மருந்து இல்லை இது. அதனால்தான் சயனைடு வைத்திருக்கும் ஒவ்வொரு ஆலையும் எந்த மருத்துவமனையில் மாற்று மருந்து இருக்கிறது என்று முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

பிழைத்து வருகிறவர்களைச் சும்மா அனுப்பிவிடக் கூடாது. மூளையின் அடிப்பகுதி நரம்பு முடிச்சுகள் சேதப்பட்டு, வாரங்கள் கழித்துப் பார்க்கின்சன் நோய் போல நடுக்கமும் விறைப்பும் தலைகாட்டலாம்.

வாசலோடு திரும்பிய ஆய்வாளர்

இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் வலிப்பது இந்தப் பகுதி. மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், 1982 இலையுதிர் காலத்தில், அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் ஆய்வாளர் இந்த ஆலைக்கு வந்தார். அப்போதைய கொள்கைப்படி முதலில் காயப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். வேலை இழந்த நாட்களின் கணக்கு நாட்டுச் சராசரியை விடக் குறைவாக இருந்தால் அதோடு சரி. குறைவாகத்தான் இருந்தது. அவர் கூடத்துக்குள் காலெடுத்து வைக்காமலே திரும்பிவிட்டார்.

அந்தப் பதிவேட்டில் வாந்தி ஏறியிருக்காது. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்த பத்து நிமிடமும் ஏறியிருக்காது. கூலிக்கு வந்த குடியேறிகள், பலரிடம் முறையான ஆவணம் கிடையாது, வேலை போய்விடும் என்ற பயம் வேறு. இவர்கள் லீவு போட்டால்தானே வேலை இழந்த நாள் என்று ஒன்று கணக்கில் வரும்? கதவைத் திறந்து நாலு அடி நடந்திருந்தால் மூக்கே சொல்லியிருக்கும்.

மரணத்துக்குப் பிறகு ஓஷா விதித்த அபராதம் 5,000 டாலருக்கும் குறைவு. அதுவும் பின்னர் பாதியாகக் குறைந்தது.

கொலை வழக்கு

அப்போது குக் கவுன்டியின் அரசு வழக்கறிஞராக இருந்தவர் ரிச்சர்ட் எம். டேலி, பின்னாளில் சிகாகோவின் மேயர். அவருடைய அலுவலகம் 1983 அக்டோபரில் நிறுவன நிர்வாகிகள் மீது கொலைக் குற்றம் சாட்டியது. பீப்பாய்களில் இருந்த மண்டையோட்டு எச்சரிக்கைகளை அழித்தார்கள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆபத்து இவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது என்றது எதிர்த் தரப்பு.

1985 ஜூன் 14 அன்று நீதிபதி ரொனால்ட் பேங்க்ஸ் தீர்ப்புச் சொன்னார். நிறுவனத் தலைவர், ஆலை மேலாளர், மேற்பார்வையாளர் மூவரும் கொலைக் குற்றவாளிகள். ஆளுக்கு 25 ஆண்டு சிறை. மற்ற தொழிலாளர்களை ஆபத்தில் தள்ளிய அலட்சியத்துக்காக 14 குற்றங்கள் தனியே. வேலைத்தலத்தில் நேர்ந்த ஒரு மரணத்துக்காக நிர்வாகிகள் கொலைக் குற்றவாளிகளாவது அமெரிக்காவில் அதுவே முதல் முறை என்று பேசப்பட்டது.

தீர்ப்பு நிற்கவில்லை. 1990-இல் இலினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. காரணம் சட்ட நுணுக்கம். கொலைக்குத் தெரிந்தே செய்த மனநிலை வேண்டும், அலட்சியக் குற்றத்துக்குப் பொருட்படுத்தாத மனநிலை வேண்டும், ஒரே நடத்தைக்கு இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது என்றார்கள். 1993-இல் மூவரும் கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தலைவருக்கும் மேலாளருக்கும் சில ஆண்டு சிறை, மேற்பார்வையாளருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு.

சட்ட வாதம் எப்படியும் இருக்கட்டும். 'தெரியாது' என்ற சொல் இரண்டு பக்கமும் நின்றதை மட்டும் நான் விட மாட்டேன். நிர்வாகிகளின் 'தெரியாது' பத்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. தொட்டி பக்கம் நின்றவரின் 'தெரியாது' ஒரு நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்கும், அவர் மொழியில் யாராவது பேசியிருந்தால்.

அமெரிக்காவில் அபாய அறிவிப்பு விதிகள் வெளியானது அதே 1983 நவம்பரில். பெட்டியில் லேபிள், பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள், தொழிலாளிக்குப் பயிற்சி மூன்றும் கட்டாயம் என்றன அவை. நம் நாட்டில் போபாலுக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41-பி பிரிவு சேர்ந்தது. ஆலையில் இருக்கும் ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியது முதலாளியின் கடமை என்று அது சொன்னது.

தமிழ்நாட்டு நகைப் பட்டறைகளிலும் முலாம் பூசும் கூடங்களிலும் இன்றும் சயனைடு இருக்கிறது. முலாம் பூசுவதற்கு முன் பொருளை ஆசிட்டில் முக்கிச் சுத்தம் செய்வார்கள், அப்புறம் சயனைடுத் தொட்டி. இரண்டு தொட்டிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லாத கூடங்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிட் சொட்டும் கொக்கியோடு கை நேராக அடுத்த தொட்டிக்குப் போகும். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து அலசிவிட்டுப் போனால் பாதி ஆபத்து குறையும், அதற்குப் பெரிய செலவும் இல்லை. தொட்டி விளிம்பிலேயே வாயுவை உறிஞ்சும் குழாய், நாள்தோறும் பிஎச் பார்க்கும் பழக்கம், ஊடுருவ விடாத ரப்பர் கையுறை, அளவு ஏறினால் அலறும் வாயுக் கருவி, தனியாக யாரையும் வேலைக்கு விடாத கட்டுப்பாடு. இவற்றில் புதிது எதுவும் இல்லை, 1983-இலும் எல்லாம் தெரிந்தவைதான். டீயும் சாப்பாடும் கூடத்துக்கு வெளியே, கை கழுவிய பிறகு. எச்சரிக்கைப் பலகை வேலை செய்கிறவரின் மொழியில். இன்று தமிழ்நாட்டுக் கூடங்களில் அந்த மொழி பல நேரம் இந்தி, வங்காளம், ஒடியா.

எல்க் குரோவ் ஆலை மூடப்பட்ட மறுநாள் அங்கே காற்றை அளந்தார்கள். 24 மணி நேரச் சராசரி 15 பிபிஎம். வேலை நின்றுபோன கூடத்தில், அனுமதித்த அளவைப் போல ஒன்றரை மடங்கு. அங்கே வேலை பார்த்த 36 பேரை மருத்துவர்கள் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, முடிவை 1985-இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வேலையில் இருந்தபோது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் அல்லது வாந்தி இருந்ததாகச் சொன்னார்கள். தொட்டிக்கு அருகே வேலை பார்த்தவர்களுக்குத் தொந்தரவு அதிகம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனிலும் பி12-இலும் சிறு மாற்றங்கள் தெரிந்தன. வேலையை விட்டு ஏழு மாதத்துக்கு மேல் ஆகியும் சிலருக்குத் தொந்தரவுகள் விட்டபாடில்லை. வாயில் கசப்புப் பாதாம் சுவை இருந்ததா என்ற கேள்விக்கு, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆம் என்றிருந்தார்கள்.